இடது காது

புதுவயல் மில்லில் ராத்திரி ஷிப்ட்.
கலர் சார்ட்டர் கறுப்பு அரிசியைக்
காற்றால் சுண்டி எறியும், டக் டக்கென்று.
வலது காது அதற்கு.
சத்தம் மாறினால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும்.
இடது காது கிதாருக்கு.

லாரி டிரைவர் சாத்தையன் போனில் ஏற்றித் தந்த ஆல்பம்.
எட்டு பாட்டு; பாட ஒரு ஆள் கிடையாது.
பேரும் இல்லை, நம்பர்தான்.
மூன்றுக்கு நான் வைத்த பேர் கண்டனூர் கேட்:
டிரம்ஸ் கிளம்பிப் போய்விடும், கிதார் மட்டும்
வராத ரயிலுக்கு நின்றுகொண்டிருக்கும்.
ஆறாவதில் விரல் கம்பியில் வழுக்கும் கீச்சு ஒன்று.
தப்பா, வேண்டுமென்றே செய்ததா?
அதற்காகவே திரும்பத் திரும்ப ஆறு.
ஐந்து பிடிக்காது. சும்மா வேகம்.

ஒரு குறை உண்டு.
நல்ல இடத்தில் கிதார் சட்டென்று நின்றுவிடும்,
கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது மாதிரி.
வாசிக்கிறவர் கூச்சக்காரர் போல
என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தேன்.

நேற்று பாய்லர் பழுது. மில்லே வாயடைத்துக் கிடந்தது.
தவிட்டு மூட்டைமேல் சாய்ந்து
முதல் தடவையாக இரண்டு காதிலும் மாட்டினேன்.

வலப்பக்கம் இன்னொரு கிதார்.
முதல் பாட்டிலிருந்தே இருந்திருக்கிறது.
இவர் நிறுத்துகிற இடமெல்லாம்
அவர் பேசியிருக்கிறார்.
கேட்டில் ரயில் வந்திருக்கிறது, ஒவ்வொரு ராத்திரியும்.
ஐந்தை மறுபடி போட்டேன்.
வேகமில்லை அது, சண்டை.

காலையில் பாய்லர் சரியாகிவிட்டது.
எந்தக் காதை மெஷினுக்குக் கொடுப்பதென்று
ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.