திருத்திய பதிப்பு

மாவட்ட அலுவலகம் அனுப்பிய தாள் ஒரு பக்கம்தான்.
பத்து வருஷமாக யாரும் தொடாதது,
பூஞ்சை பிடித்தது,
பொய்யாகிப்போனது:
மூன்றுக்கும் முதுகில் சிவப்புப் பொட்டு.
கூட்டிப் பெருக்க இத்தனை சட்டமா என்றார் லீலண்ட்.
துடைப்பமும் அவருடையது, தள்ளுவண்டியும் அவருடையது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தானியக் கிடங்கை விட்டால்
சஸ்காச்சுவானின் இந்த மூலையில்
நிமிர்ந்து நிற்பதற்கு வேறெதுவுமில்லை.
உள்ளே ஹீட்டர்
பழைய பசையின் வாடையை வேகவைத்துக்கொண்டிருந்தது.

இல்லாமல்போன நாடுகளின் எல்லைகளை
இன்னமும் காவல் காக்கும் அட்லஸ்.
மனிதன் ஒருநாள் நிலவில் இறங்கக்கூடும் என்று
நம்பிக்கொண்டிருக்கும் விண்வெளிப் புத்தகம்.
தட்டச்சு பழகப் பதினான்கு பிரதிகள்,
பதினான்கும் மடிப்புக் கலையாதவை.
குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி:
அதை மட்டும் அடுக்கிலேயே திரும்ப வைத்தேன்.
இந்த ஊர்க் குதிரைகளுக்கு இன்னும் பல் இருக்கிறது.

நான் அழவில்லை.
புத்தகத்தை எறிகிற கை நடுங்கவேண்டும் என்பவர்கள்
அடுக்கைத் துடைத்துப் பார்த்ததில்லை.
இரண்டு வரிசை காலியான மறுநாளே
மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்
எரிமலைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்,
இது புதுசா?
ஒன்பது வருஷமாக அங்கேதான் இருந்தது.

வெர்ன் பஷ்கோவ்ஸ்கிக்குத்தான் மனசு கேட்கவில்லை.
ராத்திரி எட்டு மணிக்கு
நெற்றியில் டார்ச் கட்டிக் குப்பைத்தொட்டிக்குள் இறங்கி
இருபத்திரண்டு கலைக்களஞ்சியங்களை மீட்டு
லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி
வீட்டுக்கு அழைத்துப்போனார்.
வியாழக்கிழமை அத்தனையும் என் மேசைக்கு வந்தன, ரிப்பன் சுற்றி:
பள்ளிக்கு என் அன்பளிப்பு.
நன்றி என்றேன். வேறென்ன சொல்ல.
லாரி மறையும்வரை கையசைத்துவிட்டு லீலண்டைக் கூப்பிட்டேன்.
இந்த முறை தொட்டிக்குப் பூட்டு.

கணினி காப்பாற்றச் சொன்ன புத்தகம் ஒன்று இருந்தது.
சமவெளியின் க்ரீ மக்களைப் பற்றியது,
அறுபத்தெட்டில் அச்சானது,
ஒரு வாக்கியம் விடாமல் இறந்தகாலம்.
கூடாரங்களில் கூடினார்கள்.
தங்கள் மொழியில் பேசினார்கள்.
சிரிப்பில் நாட்டமுள்ளவர்களாக இருந்தார்கள்.
எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர்
ரிசர்விலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்,
காலை எட்டரைக்கு, சிரித்துக்கொண்டு.

பொட்டு வைத்தேன்.
ஆனால் விதிப்படி அது உயிருள்ள புத்தகம்.
இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஏழுமுறை இரவல்,
ஏழுமுறையும் ஒரே பெயர்:
டெலனா மஸ்க்வா, ஐந்தாம் வகுப்பு.

திறந்தேன். பென்சில்.
கூடினார்கள், அடித்துவிட்டு மேலே: கூடுகிறார்கள், ஜூலையில்.
பேசினார்கள்: பேசுகிறார்கள், என் மாமா போனில்கூட.
நாட்டமுள்ளவர்களாக இருந்தார்கள்:
இருக்கிறார்கள், சில சமயம்.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது.

மதிய இடைவேளையில் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.
பூட்ஸிலிருந்து பனி உருகிக் குட்டையாகிக்கொண்டிருந்தது.
புத்தகத்தில் எழுதினால் அபராதம், தெரியுமா?
தெரியும்.
இன்னும் முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கு, மிஸ்.

'நீக்கப்பட்டது' முத்திரையை ஓங்கிக் குத்தி
அவளிடமே நீட்டினேன்.
சீவிய பென்சில் ஒன்றும்.
லீலண்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிப்பனி விரிசல் விட்ட வாரம்
அது திரும்பி வந்தது.
அன்பளிப்புப் பெட்டியில், ரிப்பன் இல்லாமல்.
பதிவேட்டில் ஏற்றினேன்.
ஆசிரியர் இருவர். திருத்திய பதிப்பு.

முழுக்க நிகழ்காலம், படங்களின் அடிக்குறிப்பு உட்பட,
ஐம்பத்தேழாம் பக்கத்தைத் தவிர.
பெரியம்மை வந்த குளிர்காலம் அங்கே இருக்கிறது.
இறந்தார்கள் என்று, நான்கு இடத்தில்.
ரப்பர் உரசிய தடம் தெரிகிறது.
ஏதோ எழுதி
அழித்து
அப்படியே விட்டிருக்கிறாள்.