துண்டு

வீமனைச் சாக்கில் சுற்றி
முத்தையன்கட்டிலிருந்து ஓட்டோவில் கொண்டுவந்தா தவநிதி.
பின்னங்கால்களுக்கிடையில் பூக்கோவா மாதிரி ஒன்று,
தொட்டால் இரத்தம்.

பயப்படாதேங்கோ என்றேன்.
நாயிலிருந்து நாய்க்குப் போகிற கட்டி இது.
இதன் கலங்கள்கூட வீமனுடையவை அல்ல,
எந்தக் காலத்திலோ செத்த ஒரு நாயினுடையவை.
சாகத் தெரியாமல்
உடம்பு மாறி உடம்பு மாறி
ஒட்டுசுட்டான் வரைக்கும் வந்திருக்கின்றன.
கிழமைக்கு ஒன்றாக நாலு ஊசி, கரைந்துவிடும்.

மருந்து எதில எடுக்கிறது எண்டு கேட்டா.
பட்டிப்பூவில.
சிரித்தா.
"இடிஞ்ச வீட்டுக்குள்ள முழுக்க அதுதானே நிக்குது,
போன மாசமும் ரெண்டு கூடை பிடுங்கி எறிஞ்சனான்."

தலையை அவதான் பிடித்தா.
ஒரு துளி தோலில் படக்கூடாதென்று
இருவரும் கையுறை போட்டிருந்தோம்.

"மனிசருக்குத் தொத்துமோ?"
இல்லை.
"தொத்தாமலே வருமோ?"

நான் ஊசியை மூடிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இதையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்.
பீஸ் எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான்."
இடப்பக்கம், கமக்கட்டுக்குக் கிட்ட.

எங்கள் பக்கத்தில் தோலுக்குக் கீழே எது தட்டுப்பட்டாலும்
முதலில் அதற்கு அந்தப் பெயர்தான்.
எருமையின் தோளில், ஆட்டின் கழுத்தில்
வெட்டித் திறந்திருக்கிறேன்,
தட்டில் 'டங்' என்று விழும்.
அந்தச் சத்தத்தை நம்பி
மூன்று வருஷம் இருந்திருக்கிறா.

மாட்டு மடியில் படித்த விரல்கள் என்னுடையவை.
இரும்பென்றால் நழுவும்,
ஓரம் தெரியும்.
இது நழுவவில்லை.
இது பிடித்துக்கொண்டிருந்தது.

நான் மிருக டொக்டர், அக்கா.
"அதுதான் உங்களட்டைக் கேக்கிறன்.
ஆசுப்பத்திரியில கேட்டா பேர் வைச்சிடுவினம்."

என்னிடம் இருந்த தாள் இதுதான்:
உரிமையாளர். இனம். நிறம். பால். எத்தனையாம் ஈற்று.
ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு
தெல்லிப்பளைக்குத் துண்டு எழுதினேன்.
உரிமையாளர் என்பதை மட்டும் வெட்டாமல்
எதிரே அவவின் பெயர்.

இரண்டாம் கிழமை வந்தா, போகவில்லை, அருவி வெட்டாம்.
மூன்றாம் கிழமை வந்தா,
துண்டு நனைஞ்சு போச்சுதாம்.
இன்னொன்று எழுதினேன்.

நாலாம் கிழமை
ஓட்டோக்காரப் பெடியனோடு வீமன் தனியே வந்தான்.
கட்டி இருந்த இடத்தில் ஒரு வெளிறல்.
ஊசி போட்டபின் என் சப்பாத்தை நக்கினான்.

பொழுதுபட அவ போன் எடுத்தா.
"ரெண்டும் இருக்காம்.
ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி.
காந்தப் படம் எடுக்கேலாதாம், இரும்பு இழுத்துப் போடுமாம்."
பின்னால் பஸ்காரன் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான்.
"எப்ப இருந்து எண்டு கேட்டினம்.
ஒண்டுக்குச் சொன்னன்:
மாசி கடைசி வெள்ளி, மத்தியானம் ஒண்டரை,
கஞ்சி வரிசையில எனக்கு முன்னால ஏழு பேர்.
மற்றதுக்கு
நாள் சொல்லத் தெரியேல்லை எனக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வீமனுக்கு எத்தினை போட்டனீங்கள், நாலோ?"
நாலு.
"எனக்கு எட்டாம்.
அவன் கெட்டிக்காரன், என்ன?"