எவாரிஸ்தோவைப் பற்றிக் கேட்க வந்தவரிடம்

உட்காருங்கள், வக்கீல் ஐயா.
அந்த நாற்காலி ஆடும், சுவரோடு சாய்த்துக்கொள்ளுங்கள்.
கலாமாவிலிருந்து ஆறு மணி நேரம்
பாலைவனத்தில் வந்திருக்கிறீர்கள்,
வெறுங்கையோடு அனுப்பமாட்டேன்.

எவாரிஸ்தோ குடிப்பான். எழுதிக்கொள்ளுங்கள்.
என் தையல் மெஷினை விற்றுக் குதிரைமேல் கட்டினான்.
கணக்குப் பிரிவு யோலாந்தாவோடு இக்கிக்கேயில் நான்கு நாள்,
படங்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன.
கோப்பில் இல்லாததைச் சொல்கிறேன்:
மகளுக்குக் குடல்வால் அறுத்தெடுத்த காலையில்
அவன் போன் அணைந்து கிடந்தது.

நோட்டை அவன் எடுத்தது
ஊர்மேல் உருகியும் இல்லை.
தலைமை ரசாயனர் நாற்காலி
மேலாளரின் மச்சானுக்குப் போன வாரம் அது.
வயிற்றெரிச்சல்.
அன்றிரவு அவன் சிரித்த சிரிப்பு எனக்குத் தெரியும்.

போதுமா?

இரண்டு நோட்டுகள் இருந்தன, ஐயா.
ஆய்வாளருக்குக் காட்டும் நோட்டில்
குழாய்த் தண்ணீரில் ஆர்செனிக் எப்போதும் ஒன்பது.
ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பது
பூகம்பத்துக்கு மறுநாளும் ஒன்பது.
எவாரிஸ்தோ சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்ததில்
நூற்றுப் பதினாறு
நூற்று நாற்பது
மார்ச் மாதத்தில் ஒரு பக்கத்தில்
எண்ணே இல்லை, கேள்விக்குறி மட்டும்.
கையெழுத்து கோணல். குடித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்.
எண் குடித்திருக்கவில்லை.

அவன் யோக்கியன் என்று யார் சொன்னது?
நாளைக்கே அவன் திருந்திவிட்டால்
தண்ணீரும் திருந்திவிடுமா?
எதிர்வீட்டு ரெமிஹியோவின் உள்ளங்கையில்
மிளகு மிளகாகத் தடித்திருக்கிறதே தோல்,
அது யோலாந்தா செய்த வேலையா?

டம்ளர் வைத்து அரை மணி ஆகிறது,
நீங்கள் தொடவில்லை.
பையில் பாட்டில் வைத்திருக்கிறீர்கள்.
குறையாகச் சொல்லவில்லை,
காசிருந்தால் நானும் அதைத்தான் வாங்குவேன்.

வியாழக்கிழமை நீதிமன்றம் வருகிறேன்.
பத்து மணிக்கு மூன்றாம் மாடி.
மகளின் ஜீவனாம்சம், பதினான்கு மாத பாக்கி,
அவனுக்கு எதிராக. ஒரு பெசோ விடமாட்டேன்.
பன்னிரண்டு மணிக்குக் கீழ்த்தளம், உங்கள் வழக்கு.
அந்தக் கோணல் எழுத்து அவனுடையதுதான் என்று
சத்தியம் செய்ய இந்த ஊரில் வேறு ஆள் இல்லை,
பதினொரு வருடம் அவன் எழுதிய
மளிகைச் சீட்டைப் படித்தவள் நான்.

நடுவில், படிக்கட்டில்
அவன் எதிரே வந்தால்
பேசமாட்டேன்.