மணிக்குப் பின்னால்

தண்ணீர் மோட்டார் நின்றுபோனால்
எனக்குத்தான் போன் வரும்.
சுங்கை தெபிங்கில்
ஒரு கோப்பிக்கடை, மூடிக் கிடக்கும் படக்கொட்டகை,
செம்பனை லோரிகள் வேகம் குறைக்கும் வளைவில்
கம்பிமடம்.

உள்ளே போக ஒரு முறை இருக்கிறது.
வாசல் சிஸ்டர் லூர்தீனா
கைமணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடப்பார்.
ஸ்பேனர் பெட்டியோடு நான் பின்னால்.
மணிச் சத்தம் போகப் போக
நடையில் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொள்ளும்.
பதினாலு வருசம். ஒரு முகம் பார்த்ததில்லை.

முதல் தடவை கோபம் வந்தது, மறைப்பானேன்.
வருகிறேன் வருகிறேன் என்று கூவிக்கொண்டு
தெருவில் நடக்க வைக்கப்பட்டவர்களின்
வழியில் வந்தவன் நான்.
லூர்தீனா திரும்பாமலே சொன்னார்:
"ஒதுங்குறது அவங்க, தம்பி. நீங்க நேரா நடங்க."
அன்றைக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

முப்பத்து நாலில் ஆறு பேர் வந்தார்களாம்,
பெல்ஜியத்திலிருந்து, ஒருத்திக்குக் கப்பலிலேயே காய்ச்சல்.
ரப்பர் விலை விழுந்து துரை ஓடிப்போன பங்களா.
இறங்கிய அன்றே உள்ளே போனார்கள்.
மலாயா என்று அவர்கள் கண்டது
ஸ்டேஷனிலிருந்து பதினொரு மைல்,
லோரியின் பின்பக்கத்திலிருந்து,
அதாவது எல்லாம் விலகிப் போவதாக.

ஐம்பதில் எங்கள் லயத்தைச் சுற்றியும்
முள்கம்பி ஏறியது.
வேலைக்காட்டுக்குப் போகிறவள்
ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது,
காட்டில் இருப்பவனுக்குப் போய்விடுமாம்.
சாலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.
அவர்கள் பூட்டுக்குச் சாவி உள்ளே.
எங்கள் பூட்டுக்குச் சாவி சார்ஜன்ட் இடுப்பில்.
இரண்டும் ஒன்றுதானே என்று யாரோ கேட்டதற்கு
பால்வெட்டும் செம்பாயி
காறித் துப்பினாளாம், அவ்வளவுதான்.

அவள்தான் முட்டையைத் தொடங்கியவள் என்கிறார்கள்.
விடியலில் மழை பிடித்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, காசு இல்லை.
சுவரில் சுற்றும் மரப்பெட்டி,
வைக்கிற கைக்கு எடுக்கிற கை தெரியாது.
அதில் மூன்று முட்டை வைத்து
"நாளைக்கு மழை வேணாம் தாயே."
முனியாண்டிக்குச் சுருட்டு, இங்கே முட்டை.
இரண்டு இடத்திலும் சொல்லி வைத்தார்கள்.
சில நாள் பெய்தது. சில நாள் பெய்யவில்லை.
மடத்துக் கிணறு வற்றிய வருசத்திலும்
மழை வேண்டாமென்றே செபித்தார்களாம் உள்ளே.
அதற்கப்புறம்தான் இந்த மோட்டார்.

போன மாதம் நட்டு வழுக்கி
விரலில் அடித்துக்கொண்டேன். "அட முனியாண்டி!"
சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து
ஒரு கிழக்குரல், எங்கள் லயத்து ராகம்:
"நாலாம் டிவிஷனா?"
ஆமாம் என்றேன்.
"எங்கப்பா அங்கதான் தண்டல். சிலுவைமுத்து.
அம்பத்தெட்டுல உள்ள வந்தேன்.
பால்மரமெல்லாம் எப்படி?"

லூர்தீனா மணியின் நாக்கைக் கையால் பிடித்திருந்தார்.
எனக்கு என்ன தெரியும்,
உள்ளதைச் சொன்னேன்.
"பால்மரம் இல்லம்மா. வெட்டிட்டாங்க, இருவது வருசம் ஆச்சு.
எல்லாம் செம்பனை."

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"செம்பனைக்கு மழை வேணுமே."

"வேணும்மா."

"யாரும் சொல்லலையே," என்றது குரல்.
"இன்னி விடியலும்
வேணாம்னுதானே கேட்டேன்."

மோட்டாரை ஓட்டிக் காட்டினேன். ஓடியது.
திரும்பும்போது மணி முன்னால்,
நான் பின்னால், கொஞ்சம் மெதுவாக.

மறுநாள் கோப்பிக்கடையில்
மூன்று முட்டை வாங்கிப் போனேன்.
பெட்டியில் வைத்தேன்.
என்ன கேட்பதென்று யோசிப்பதற்குள்
பெட்டி சுற்றிப்போய்க்
காலியாய்த் திரும்பி வந்தது.