முப்பத்தொன்பது அங்குலம்

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
அதன் கீழே பென்சிலில்:
"சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து."
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் தொங்குகிறது,
ஒன்பது நாளாக.

டுலூத்தில் இது மார்ச் மாதம்.
ஏரி இன்னும் வெள்ளையாய்த்தான் கிடக்கிறது.
வீட்டுக்கு ஒரே குளியலறை.
ரோஜா நிற ஓடு, ரோஜா நிறத் தொட்டி,
ரோஜா நிறக் கழிப்பறை.
ஐம்பத்தேழாம் வருடம் யாரோ ஒருத்தி
விலைப்பட்டியலைப் புரட்டிப் பார்த்து
"எல்லாமே இதிலேயே கொடுங்கள்" என்றிருக்கிறாள்.
அவளைத் திட்டிக்கொண்டேதான்
முப்பத்திரண்டு வருடமாகத் தேய்த்துக் கழுவுகிறேன்.

டென்வரிலிருந்து கெர்ஸ்டின் கூப்பிட்டாள்.
"விற்கும்போது பணம் திரும்பி வந்துவிடும், அம்மா."
விற்பது என்ற சொல்லை
உப்புப் போடுவது போலப் போட்டாள், கொஞ்சமாக.
யார் விற்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
பிறகு பனியைப் பற்றிப் பேசினோம்.

வெர்னருக்குத் தொட்டிதான் வேண்டும்.
இடுப்பில் டைட்டேனியம் வைத்த பிறகும்
சனிக்கிழமை இரவு வெந்நீரில் ஊறியபடி
வானொலியில் ஹாக்கி கேட்பவன்.
தொட்டியை எடுத்துவிட்டு
தடுப்பே இல்லாத ஷவர் வைக்கலாம் என்றால்
"நான் என்ன காரா, நிற்கவைத்துக் கழுவ?" என்கிறான்.
உள்ளே இறங்குவது சுலபம்.
எழுவதுதான் இரண்டு பேர் வேலை.
அதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.
ஒரு கைப்பிடி போதும் என்றான்.
நாற்பது டாலர். கடையில் தொங்குகிறது.

ராண்டி ஹக்காலா இன்று மறுபடி வந்தான்.
மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது போல
விரல் முட்டியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போனான்.
டங், டங், டங்.
குழாய்க்குப் பின்னால் மட்டும்
தொப்.
"கைப்பிடி மாட்ட முதலில் சுவர் வேண்டும்.
இது காபியில் நனைத்த ரொட்டி."
ஆக, பழையதை வைத்துக்கொள்வதற்கே
பழையதை இடிக்கவேண்டும்.
வெர்னர் பதில் சொல்லாமல் போய்
அந்தப்புறத்துத் துண்டு அலமாரியைக் காலி செய்தான்.
பின்பலகையில் ஆறு திருகாணி.
"பார்த்துவிடலாம்."

கைவிளக்கு வெளிச்சத்தில்
இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு குவியல்.
மீன் செதில் என்று நினைத்தேன்.
சவர பிளேடுகள்.
மருந்துப் பெட்டியின் முதுகில் ஒரு கீறல் உண்டு,
மழுங்கிய பிளேடைப் போடுவதற்கென்றே.
போட்டால் சுவர் விழுங்கிவிடும்.
எத்தனை வருடமோ, விழுங்கியிருக்கிறது,
ஒரு ஏப்பம்கூட விடாமல்.
மேலே இன்னும் கொஞ்சம் மினுங்குபவை வெர்னருடையவை,
மின்சார ரேசர் வாங்கும்வரை போட்டவை.
அடியில் துருவேறி ஒட்டிக்கொண்டவை
அந்த ரோஜாக்காரியின் கணவனுடையவை.
இரண்டு ஆண்களின் காலைப்பொழுதுகள்
ஒன்றின் மேல் ஒன்று,
அறிமுகமே இல்லாமல்.

"கை வைத்துவிடாதீர்கள்" என்றான் ராண்டி.
"இதை அள்ளத் தனிக் கட்டணமா?" என்றான் வெர்னர்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
"எதற்கும் அளவெடுத்து வைக்கிறேன்,
தொட்டியில் உட்காருங்கள்."
கம்பளிக் காலுறையோடு
வெர்னர் காலித் தொட்டிக்குள் இறங்கினான்,
படகில் உட்காருகிறவன் போல விறைப்பாக.
நான் பக்கத்தில், மூடிய கழிப்பறை மேல்,
மடியில் அந்தத் தாள்.
"இப்போது எழுந்திருங்கள். யோசிக்கவேண்டாம்.
கை எங்கே போகிறதோ அங்கே குறித்துக்கொள்கிறேன்."
காதிலிருந்து பென்சிலை எடுத்து
சுவரைப் பார்த்தபடி காத்திருந்தான்.

கை சுவருக்குப் போகவில்லை.
என் தோளுக்கு வந்தது,
முழுக் கனத்தோடு, வழக்கமான இடத்துக்கு.

ராண்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம் அளவு நாடாவைத் தரையில் ஊன்றி
என் தோள்வரை இழுத்து,
மடியிலிருந்த தாளின் ஓரத்தில்
முப்பத்தொன்பது அங்குலம் என்று எழுதினான்.