இருபத்தைந்து அணுக்கள்

அறிவியல் நகரில் நேற்றிரவு கரண்ட் இல்லை.
டீசலும் பதினொரு மணிக்கே முடிந்ததாம்.
மயூரதன் போனில் சொன்னபோது
பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குள் நின்றேன்.

அடகுக்கடைக்குத் தங்கம் என்றால் நிறை.
என் காப்பை வைத்தபோது
தசமம் மூன்றுவரை பார்த்தார்கள்.
அந்தக் காப்பு ஒன்றும் செய்யாது.
மஞ்சள் கரைசலில் ஒரு கிழமை ஊறினாலும்
மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.

ஐந்து நனோமீற்றர் மணியாக்கிப் போட்டால்
நாற்பது நிமிடத்தில் நிறம் வெளுக்கிறது.
ஒன்றரை என்றால் ஆறு நிமிடம்.
அப்ப, இன்னும் சின்னது இன்னும் கெதி என்று
நானும்தான் நினைத்தேன்.
பன்னிரண்டு அணுவில் மந்தம்.
இருபத்தைந்தில் பேய் வேகம்.
ஏன்?
இலத்திரன்கள் குந்தியிருக்கும் விதம் என்று
ஆய்வேட்டில் எழுதுவேன்.
இரவில் அந்த விடை எனக்கே காணாது.

குளிர்ப்பெட்டியைத் திறந்தேன்.
இரணைமடுப் பக்கத்து வெக்கை
எனக்கு முன்னமே உள்ளே போயிருந்தது.
வெளிர்பழுப்பாய் விட்டுப்போன குப்பி
மாதுளஞ்சாறாய்ச் சிவந்து நின்றது.
தனித்தனியே நிற்க மாட்டாமல்
விடியுமட்டும் ஒன்றையொன்று தேடி
ஒட்டிப் பெருத்துவிட்டன.

"வடிவான நிறம் மிஸ்" என்றான் மயூரதன்.
வடிவுதான்.
கரைசலில் ஒரு துளி விட்டுப் பார்த்தோம்.
தேத்தண்ணி ஆறிப்போச்சு,
மஞ்சள் அசையவில்லை.

ஊத்திவிடவா என்றான்.
வேண்டாம், ஒப்பிட ஒன்று வேணும்.
குப்பியில் ஒட்டினேன்:
ஏப்ரல் இரண்டு. டீசல் முடிந்த இரவு.
பருமன் அளக்கவில்லை.

தங்க உப்பு இன்னும் முப்பது மில்லிகிராம் இருக்கிறது,
காப்புக் காசில் வாங்கியதில் மிச்சம்.