கொருக்குப்பேட்டை கேட்

அறுபத்திரண்டு மாடல் பியட்.
மிதித்தால் ரேடியோவும் சேர்ந்து உறுமும்,
விட்டால் முனகும்.
கண்டன்சர் மாற்றியாயிற்று, எர்த் ஒயர் இரண்டு முறை.
பாடகிக்குள் ஒரு வண்டு
குடித்தனம் நடத்துகிறது.

கேட் மூடினார்கள்.
இன்ஜினை நிறுத்தினேன்.

சட்டென்று அவள் மட்டும்.
மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது,
தபலாக்காரர் விரல் மாற்றுவதும்.
மீன்கூடை ஆட்டோவில் பேச்சு நின்றது.
ரோஸ்லின் கண்ணாடியை இறக்கிவிட்டாள்,
அவர்களுக்கும் சேர்த்து.

எண்ணெய் டேங்கர் ரயில். நாற்பத்தேழு பெட்டி.
மேல்கம்பி பொரிந்ததில்
பல்லவி போனது; சரணத்தில் திரும்பினாள்.

கேட் ஏறியது. பின்னால் அத்தனை ஹாரனும்.
"கடைசி வரி இருக்கு" என்றாள் ரோஸ்லின்.
லாரிக்காரன் என் அம்மாவை இழுத்தான்.
சாவியைத் திருப்பினேன்.

வண்டு வந்தது.
அதன் ரீங்காரத்தில் நாலில் ஒரு துடிப்பு இல்லை.
"மறுபடியும் மூணாவது பிளக்" என்றாள்,
பாட்டுக்குத் தலையாட்டுகிற மாதிரியே.